யூஎஸ்பி ஹேண்ட்செட் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கடைக்கு வரும் சாமான்களில் யூஎஸ்பி ஹேண்ட்செட்டும் ஒன்று. பார்க்க வீட்டு டெலிபோன் ரிசீவர் மாதிரியே இருக்கும். வயரின் மறுமுனை மட்டும் லேப்டாப்பில் செருகும். குன்னூர்ப் பக்கம் சில ஹோம்ஸ்டேக்களில் புக்கிங் பேச இதை வைத்திருக்கிறார்கள். கட்டபெட்டில் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசிலும் பார்த்திருக்கிறேன். மற்றபடி பெரும்பாலும் வயதானவர்கள் வீடு. பிள்ளை பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும். ஹெட்போன் மாட்டினால் காது வலிக்கிறது, ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிறது. "ரிசீவரைக் காதுல வெச்சாத்தான் பேசின மாதிரி இருக்கு" என்பார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

கடைக்கு வருவதில் பெரும்பாலானவை ரிப்பேரே அல்ல, செட்டிங்ஸ் தகராறு. அதற்காக மழையில் பஸ் பிடித்து வர வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அந்த ஒரே வயருக்குள் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று, ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்த சவுண்ட் கார்டு. இன்னொன்று, பட்டன்கள். சவுண்ட் பாதிக்கு 1998-லேயே பொதுத் தரம் வந்துவிட்டது. விண்டோஸோ மேக்கோ லினக்ஸோ, தனி டிரைவர் கேட்காமலேயே ஏற்றுக்கொள்ளும். பட்டன் பாதி அப்படியில்லை. கம்பெனிக்குக் கம்பெனி, சாஃப்ட்வேருக்குச் சாஃப்ட்வேர் மாறும். அதனால் ஹேண்ட்செட் வேலை செய்யவில்லை என்று யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "சத்தமா, பட்டனா?"

## எதற்கும் முன்னால்: ரெக்கார்டர் சோதனை

திரும்பத் திரும்பக் கால் போட்டு "கேக்குதா? கேக்குதா?" என்று கத்த வேண்டாம். விண்டோஸில் சவுண்ட் ரெக்கார்டர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து, மைக் எது என்று கேட்கும் இடத்தில் ஹேண்ட்செட்டைத் தேர்ந்தெடுத்து, பத்து விநாடி பேசிப் பதிவு செய்யுங்கள். பிறகு ஓட்டிக் கேளுங்கள்.

- பதிவும் ஆகிறது, காதிலும் கேட்கிறது என்றால் ஹேண்ட்செட் நல்ல நிலையில் இருக்கிறது. கோளாறு ஜூம், டீம்ஸ், வாட்ஸ்அப் என்று நீங்கள் பேசும் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில், அல்லது இன்டர்நெட்டில்.
- பதிவாகிறது, காதில் கேட்கவில்லை என்றால் இரண்டாவது தலைப்புக்குப் போங்கள்.
- காதில் கேட்கிறது, பதிவாகவில்லை என்றால் மூன்றாவது.
- தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஹேண்ட்செட்டின் பெயரே இல்லை என்றால் முதல் தலைப்பு.

பெயர் எப்போதும் கம்பெனி பெயராக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "யூஎஸ்பி ஆடியோ டிவைஸ்", "யூஎஸ்பி பிஎன்பி சவுண்ட் டிவைஸ்" என்று ஏதோ ஒன்று வரும். சந்தேகம் இருந்தால் வயரை உருவுங்கள். பட்டியலில் எந்த வரி மறைகிறதோ அதுதான் உங்களுடையது.

## 1. செருகினால் கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்லை

செருகியதும் 'டிடிங்' என்று ஒரு ஓசை வர வேண்டும். வரவில்லை, லைட்டும் எரியவில்லை என்றால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

போர்ட்டை மாற்றுங்கள். டெஸ்க்டாப் என்றால் சிபியூவின் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் செருகுங்கள். நடுவில் ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள். வெப்கேம், நெட் டாங்கிள், பென் டிரைவ் எல்லாம் கரண்ட் இல்லாத ஒரே ஹப்பில் தொங்கினால் ஹேண்ட்செட்டுக்குப் போய்ச் சேர ஒன்றும் மிஞ்சாது. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று மொத்தமே 500 மில்லியாம்பியர்தான் கொடுக்கும். நீல நிறப் போர்ட்டில் தகராறு செய்யும் பழைய ஹேண்ட்செட் கறுப்புப் போர்ட்டில் ஒழுங்காக வேலை செய்வதையும் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் வயரைக் கழற்றுங்கள். யூஎஸ்பி 2.0 வயர் ஐந்து மீட்டர்தான் தாங்கும். ஹாலில் கம்ப்யூட்டர், படுக்கையறையில் ரிசீவர் என்று இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன் கோத்து வைத்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முனையைப் பாருங்கள். எங்கள் ஊருக்கென்றே உள்ள வியாதி இது. அரவேணுவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த ஹேண்ட்செட்டின் முனையை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே நான்கு பித்தளை நிறக் கோடுகள் தெரிய வேண்டும். இரண்டுதான் தெரிந்தன. மற்ற இரண்டின் மேல் கோயில் குத்துவிளக்கின் அடியில் படியுமே, அதே பச்சைக் களிம்பு. ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தாராம். மஞ்சு, அதாவது பனிமூட்டம், நேராக அதன் மேல்தான் இறங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு நாலைந்து முறை தேய்த்தேன். பஞ்சு பச்சையாக வந்தது. பத்து நிமிடம் காய விட்டுச் செருகியதும் 'டிடிங்'.

வீட்டிலேயே செய்யலாம். வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவிவிட்டுச் செய்யுங்கள். தண்ணீர், தேங்காய் எண்ணெய், பெட்ரோல் மூன்றும் வேண்டாம். மூன்றையும் போட்டுக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அரிசி டப்பாவில் புதைத்து வைப்பதும் வேண்டாம், அந்தத் தூசியும் உள்ளேதான் போகும்.

வயரை ஆட்டிப் பாருங்கள். ரிசீவருக்குள் வயர் நுழையும் இடத்தில் மெதுவாக வளைத்தால் லைட் வந்து வந்து போகிறதா? உள்ளே ஒரு இழை அறுந்திருக்கிறது. யூஎஸ்பி வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என்று நான்கு இழை இருக்கும். சிவப்பும் கறுப்பும் கரண்ட், மற்ற இரண்டும் தகவல். லைட் எரிந்தும் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பச்சையோ வெள்ளையோ போயிருக்கும். சால்டரிங் தெரிந்தவருக்கு அரை மணி வேலை. பலகைத் தரை போட்ட பழைய பங்களாக்களில் எலி கடித்த வயர் என்றால் ஒட்டுப் போடாதீர்கள், முழு வயரையும் மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, வேறொரு கம்ப்யூட்டரிலும் செருகிப் பாருங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால் உள்ளே சிப் போயிருக்கும். சித்திரை, வைகாசி இடி மழைக்கு அப்புறம் வருபவை பெரும்பாலும் இந்த ரகம். அதற்குச் செலவு செய்வது தண்டம், புதிதாக வாங்கிவிடுங்கள்.

## 2. தெரிகிறது, ஆனால் காதில் சத்தம் இல்லை

### சத்தம் லேப்டாப் ஸ்பீக்கரில் வருகிறது

சாஃப்ட்வேர் எந்த ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஜூமில் செட்டிங்ஸ் போய் ஆடியோ, டீம்ஸில் செட்டிங்ஸ் போய் டிவைசஸ். விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸை மாற்றினால் மட்டும் போதாது. இவை தாங்கள் கடைசியாகப் பிடித்ததையே பிடித்துக்கொண்டிருக்கும். மாற்றியதும் சாஃப்ட்வேரை முழுதாக மூடித் திறங்கள். மேலே உள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் சில சாஃப்ட்வேர் மூடாது, டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே போய் வலது கிளிக் செய்து 'க்விட்' கொடுங்கள்.

இன்னொன்று: ஹேண்ட்செட்டைச் செருகிவிட்டு சாஃப்ட்வேரைத் திறப்பதே நல்ல பழக்கம். பழைய சாஃப்ட்போன்கள் (கம்ப்யூட்டரையே போனாக்கும் சாஃப்ட்வேர்கள்) சில, திறக்கும்போது இருக்கும் சாமானைத்தான் கணக்கில் எடுக்கும்.

### எல்லாச் சத்தமும் ரிசீவரில் வருகிறது

இது தலைகீழ்க் கோளாறு. "கம்ப்யூட்டர்ல பாட்டே கேக்கல, ஸ்பீக்கர் போயிடுச்சு" என்று ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புதிதாக ஹேண்ட்செட் செருகியதும் விண்டோஸ் அதையே முக்கிய ஸ்பீக்கராக எடுத்துக்கொள்ளும். பாட்டு, கொக்கியில் தொங்கும் ரிசீவருக்குள் சன்னமாக ஓடிக்கொண்டிருக்கும்.

வழி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் திறந்து, ஸ்பீக்கரின் மேல் வலது கிளிக் செய்து 'டிஃபால்ட் டிவைஸ்' ஆக்குங்கள். ஹேண்ட்செட்டின் மேல் வலது கிளிக் செய்து 'டிஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்' ஆக்குங்கள். ரெக்கார்டிங் பக்கத்திலும் ஹேண்ட்செட்டுக்கு அதையே செய்யுங்கள். பாட்டு ஸ்பீக்கரில், பேச்சு ரிசீவரில். இரண்டு டிஃபால்ட் வைத்திருப்பதே இதற்காகத்தான். என் மேசைக்கு வரும் ஹேண்ட்செட் எதையும் இதைச் செய்து கொடுக்காமல் அனுப்புவதில்லை.

### எங்கும் சத்தம் இல்லை

ஹேண்ட்செட்டின் பக்கவாட்டு வால்யூம் பட்டன், விண்டோஸ் வால்யூம் மிக்ஸர், சாஃப்ட்வேருக்குள் இருக்கும் வால்யூம் என்று மூன்று இடம் இருக்கிறது. மூன்றையும் ஏற்றுங்கள். சுருள் வயர் உள்ள மாடல் என்றால் அதன் இரண்டு முனையும் 'டிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் அந்தச் சுருளை இழுத்து விளையாடியிருப்பார்கள்.

## 3. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை

மியூட். சிரிக்காதீர்கள், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஹேண்ட்செட்டில் ஒரு மியூட், சாஃப்ட்வேரில் ஒரு மியூட். இரண்டும் ஒன்றை ஒன்று அறியாத ஜோடி என்றால், திரையில் மைக் திறந்திருப்பதாகக் காட்டும், கையில் இருப்பது மூடியிருக்கும்.

அனுமதி. விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி போய், மைக்ரோஃபோன். அங்கே டெஸ்க்டாப் ஆப்களுக்கு மைக் அனுமதி என்று தனியாக ஒரு ஸ்விட்ச் கீழே இருக்கும். மேலே உள்ளதைப் போட்டுவிட்டுக் கீழே உள்ளதை விட்டுவிடுவார்கள். பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் வேலை செய்யவில்லை என்று வந்தால் நான் முதலில் போவது இங்கேதான். பிரவுசரில் பேசுகிறீர்கள் என்றால் முகவரிப் பட்டைக்கு இடப்பக்கக் குறியைத் தட்டி அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மேக்கிலும் பிரைவசி பகுதியில் ஆப் வாரியாக டிக் போட வேண்டும்.

வேறொன்று மைக்கைப் பிடித்து வைத்திருக்கிறதா? காலையில் பிள்ளை ஆன்லைன் வகுப்புக்குத் திறந்த ஜூம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மூடுங்கள். மைக்கின் பிராப்பர்ட்டிஸில் அட்வான்ஸ்டு பக்கம், 'எக்ஸ்க்ளூசிவ்' என்று தொடங்கும் டிக்கையும் எடுத்துப் பாருங்கள். அதே பக்கத்தில் சாம்பிள் ரேட் இருக்கும். சில பழைய சாஃப்ட்போன்களுக்கு அது பிடிக்காமல் போகும். 16,000, 48,000 என்று மாற்றிப் போட்டால் சில சமயம் வழிக்கு வரும்.

ரெக்கார்டரில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. ரிசீவரின் கீழ்முனையில் மைக் துளை என்று ஊசிமுனை அளவுக்கு ஒன்றிரண்டு இருக்கும். டீ ஆவி, தூசி, வாய் ஈரம் சேர்ந்து அடைத்துவிடும். உலர்ந்த பல் பிரஷ்ஷால் வெளியே தட்டுங்கள். ஊசி விட்டுக் குத்தாதீர்கள், துளைக்கு நேர் பின்னாலேயே மைக் இருக்கிறது. உள்ளே மைக்கே போயிருந்தால் அந்தச் சின்ன உருளையின் விலை சில ரூபாய்தான், கூலிதான் மேலே. திருகு போட்ட உடல் என்றால் மாற்றலாம். ஒட்டி மூடிய உடல் என்றால் திறக்கும்போதே உடையும், நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ரெக்கார்டரில் நன்றாக இருக்கிறது, போன் காலில் மட்டும் ஒரு பக்கம் கேட்கவில்லை. ஹோம்ஸ்டே ஆபீஸ்களில் எஸ்ஐபி எண் (இன்டர்நெட் வழியாகப் பேசும் போன் எண்) வாங்கி சாஃப்ட்போனில் பேசுகிறவர்களுக்கு வருவது. ஹேண்ட்செட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரூட்டரின் செட்டிங்ஸில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். உதவுவதாக நினைத்துக்கொண்டு தகவல் பாக்கெட்டில் உள்ள முகவரியைக் குழப்பிவிடுவது அதுதான். ரூட்டருக்குள் போகத் தெரியாது என்றால் நெட் கொடுத்தவரின் லைன்மேனிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

## 4. பேச்சு கேட்கிறது, பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை

வருகிறதில் அதிகம் சண்டை இதற்குத்தான். "காசு குடுத்து வாங்கினது, பச்சை பட்டன் சும்மாவா இருக்கு?"

முதலில் பட்டன் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். வால்யூம் பட்டனை அமுக்குங்கள். திரையில் வால்யூம் பட்டை எழுந்து வருகிறதா? அப்புறம் நோட்பேடைத் திறந்து எண்களை அமுக்குங்கள். சில ஹேண்ட்செட்டில் எண் அப்படியே விழும். விழாவிட்டாலும் பயப்பட வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' என்ற கிளையை விரித்து வைத்துக்கொண்டு வயரை உருவிச் செருகுங்கள். ஒன்றிரண்டு வரி மறைந்து வந்தால் பட்டன் பாதி கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது என்று அர்த்தம்.

### வரி மறைந்து வருகிறது, பட்டனுக்கு சாஃப்ட்வேர் அசையவில்லை

பட்டன் கூப்பிடுகிறது, சாஃப்ட்வேர் காது கொடுக்கவில்லை. ஜூமில் ஆடியோ செட்டிங்ஸில் ஹெட்செட் பட்டன்களை ஒத்திசைக்க ஒரு டிக் இருக்கிறது, போடுங்கள். டீம்ஸுக்கு என்று சான்று பெற்ற ஹேண்ட்செட்கள் இருக்கின்றன. அந்த முத்திரை உள்ளதில் பட்டன் நேராகப் பேசும், இல்லாததில் பேசலாம், பேசாமலும் போகலாம். வாட்ஸ்அப் டெஸ்க்டாப்பில் பச்சை பட்டனால் எடுக்க முடிந்த ஹேண்ட்செட் இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. திரையில்தான் தட்ட வேண்டியிருக்கிறது. எஸ்ஐபி சாஃப்ட்போன் என்றால் அதன் செட்டிங்ஸில் ஹெட்செட், ஹெச்ஐடி, ஹூக் என்று ஏதாவது தென்படுகிறதா என்று தேடுங்கள். இலவசப் பதிப்பில் பல சமயம் இருக்காது.

### பழைய ஸ்கைப் போன்

சோலூர்மட்டம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்த குடும்பம். தங்கை இன்னும் அட்டன் பக்கத் தோட்டத்தில் இருக்கிறார். மகன் எப்போதோ வாங்கிக் கொடுத்த ஹேண்ட்செட்டை ஒரு துணிப்பையில் சுற்றி, மேலே பாலித்தீன் கவரும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சின்னத் திரை, எண் பட்டன், பச்சை சிவப்பு எல்லாம் உண்டு.

"முன்னெல்லாம் பச்சைய அமுக்கினா பேசும் தம்பி. இப்ப உசுரே இல்ல."

உயிர் போனது போனுக்கு இல்லை. அந்தக் காலத்து ஹேண்ட்செட்கள் பலவற்றுக்கு ஒரு துணை சாஃப்ட்வேர் சிடியில் வரும். அது ஸ்கைப்பின் உள்வாசல் வழியாகப் போய்ப் பட்டனை இணைக்கும். அந்த வாசலை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2013-லேயே அறிவித்துவிட்டது. 2025 மே 5-ஆம் தேதி ஸ்கைப்பையே மூடியாயிற்று. இனி அந்த சிடியை எங்கே தேடி எடுத்துப் போட்டாலும் அது இணைவதற்கு எதிரில் ஆள் இல்லை.

தயவுசெய்து அந்த டிரைவரை நெட்டில் தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்காதீர்கள். 64 பிட் விண்டோஸ் கையொப்பமில்லாத பழைய டிரைவரை ஏற்காது. ஏற்க வைக்கிறேன் என்று பாதுகாப்பை எல்லாம் அணைத்துவிட்டு, அதோடு வந்த வைரஸை எடுக்க என்னிடம் வந்தவர் இரண்டு பேர்.

ஆனால் சவுண்ட் பாதி அப்படியே இருக்கிறது. அந்த அம்மாவின் ஹேண்ட்செட்டை ரெக்கார்டரில் போட்டுப் பார்த்தேன், குரல் கணீரென்று இருந்தது. தங்கை வீட்டில் வாட்ஸ்அப் இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் டெஸ்க்டாப் போட்டு, மைக்கும் ஸ்பீக்கரும் ஹேண்ட்செட் என்று வைத்துக் கொடுத்தேன். ரிசீவரைக் கையில் எடுத்து, மவுஸால் திரையில் பச்சையை ஒரு தட்டு, அவ்வளவுதான் என்று காட்டினேன். மவுஸில் இரண்டு பட்டன், எதைத் தட்டுவது என்று ஒரு நிமிடம் யோசித்தார். நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து இடது பட்டனில் ஒட்டிக்கொண்டார். நான் காசு வாங்கிச் செய்யும் எந்த வேலையும் அவ்வளவு சுருக்கமாக முடிந்ததில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கொசுறு. யீலிங்க் பி1கே வகைக்கும், சிஎம்109 சிப் போட்ட சில ஹேண்ட்செட்களுக்கும் லினக்ஸ் கெர்னலிலேயே பட்டன் டிரைவர் இருக்கிறது. விண்டோஸ் கைவிட்ட பட்டன் உபுண்டுவில் எண் அடிக்கும்போது ஒரு சந்தோஷம்தான். சாஃப்ட்போன் அதைக் கேட்குமா என்பது வேறு கதை.

### சில பட்டன் மட்டும் இறந்திருக்கிறது, அல்லது அழுத்தி அமுக்க வேண்டியிருக்கிறது

இது ஈரம். ரப்பர் பட்டனுக்கு அடியில் கறுப்பாகக் கார்பன் வட்டம் இருக்கும். அதற்கு எதிரில் போர்டில் சீப்பு மாதிரி கோடுகள். நடுவில் பூசணம் பூத்தால் தொடர்பு போய்விடும். திருகைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஆல்கஹால் பஞ்சால் லேசாகத் துடைத்து, நன்றாகக் காய விட்டு மூடுங்கள். கார்பனைச் சுரண்டினால் அதோடு சரி. ஹேர் டிரையர் போடுவதானால் குளிர் காற்றில் போடுங்கள்.

### பேங்க் கஸ்டமர் கேரில் "ஒன்றை அழுத்தவும்" என்றால் ஏற்கவில்லை

எஸ்ஐபி சாஃப்ட்போனின் செட்டிங்ஸில் 'டிடிஎம்எஃப்' (அழுத்தும் எண்ணை எதிர்முனைக்கு அனுப்பும் முறை) என்ற இடத்தில் 'ஆர்எஃப்சி 2833' என்று வையுங்கள். திரையில் உள்ள எண்ணை மவுஸால் தட்டிப் பாருங்கள். அது ஏற்கப்பட்டு ஹேண்ட்செட் எண் ஏற்கப்படவில்லை என்றால் மேலே சொன்ன பட்டன் கதைதான்.

## 5. ரிங் அடிப்பதே தெரியவில்லை

ரிங்கும் ரிசீவருக்குள்ளேயே அடித்துக்கொண்டிருக்கும். டீம்ஸில் 'செகண்டரி ரிங்கர்' என்று இருக்கிறது, அங்கே லேப்டாப் ஸ்பீக்கரைக் கொடுங்கள். ஜூமிலும் பல சாஃப்ட்போன்களிலும் ரிங்குக்கு மட்டும் தனி ஸ்பீக்கர் வைக்கலாம். கம்ப்யூட்டர் தூங்கிப்போனால் எதுவும் அடிக்காது என்பதை ஹோம்ஸ்டேக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என்று வையுங்கள்.

## 6. இரைச்சல், எதிரொலி, வெட்டி வெட்டி வரும் குரல்

உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்கிறது. கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில். அவர் ஸ்பீக்கரில் போட்டிருப்பார். அவரை ஹெட்போன் மாட்டச் சொல்லுங்கள். யாரோடு பேசினாலும் கேட்கிறது என்றால், உங்கள் மைக் பிராப்பர்ட்டிஸில் 'லிசன்' பக்கம் போய் டிக் இருந்தால் எடுங்கள்.

'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல். லேப்டாப் சார்ஜரை உருவுங்கள். இரைச்சல் நின்றால் எர்த் சரியில்லை. வேறு பிளக் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்றால் மேற்கொண்டு எதையும் நோண்டாதீர்கள், என்னையும் கூப்பிடாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய கட்டடங்களில் எர்த் கம்பி சுவருக்குள்ளேயே அற்றுப் போயிருக்கும்.

குரல் ரோபோ மாதிரி, வெட்டி வெட்டி வருகிறது. ரெக்கார்டரில் சுத்தமாக இருந்தால் இது இன்டர்நெட். வேகம் போதவில்லை என்று பெரிய பிளான் போட ஓடாதீர்கள். ஒரு சாதாரணக் குரல் அழைப்புக்கு ஒரு பக்கத்துக்கு நூறு கேபிபிஎஸ் கூட வேண்டாம். வேண்டியது சீரான ஓட்டம். லேப்டாப்பை ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசிப் பாருங்கள். சரியானால் வைஃபை தூரம். எங்கள் ஊர்க் கருங்கல் சுவரைத் தாண்டி வைஃபை எட்டுவது சிரமம், லேன் வயர் இழுத்துவிடுவது மேல். பக்கத்திலும் அப்படியே இருந்தால், வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை, மழைக்கு மட்டும்தான் வருகிறது என்றால் வெளியே கம்பத்திலிருந்து வரும் லைனில் ஏதோ ஒரு ஜாயின்ட். நெட்காரரிடம் புகார் கொடுங்கள். எந்த நேரம், எத்தனை நிமிடம் என்று இரண்டு நாள் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் லைன்மேன் சீக்கிரம் வருகிறார்.

'கர் கர்' என்று கிறீச்சிடுகிறது, வயரை அசைத்தால் மாறுகிறது. முதல் தலைப்பில் சொன்ன களிம்போ அறுந்த இழையோதான்.

## 7. பேசிக்கொண்டே இருக்கும்போது போய்விடுகிறது

கால் துண்டிக்கவில்லை, ஹேண்ட்செட் மட்டும் 'டிடிங்' என்று விலகி மறுபடி வருகிறது என்றால் கரண்ட் சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், மிச்சம் பிடிக்க அணைக்கலாம் என்று அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் அணையுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் இதுவேதான்.

மீறியும் வந்தால் போர்ட்டில் வோல்ட் பார்க்க வேண்டும். ஐந்து வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 4.75-க்குக் கீழே இறங்கினால் போர்ட் தளர்ந்துவிட்டது. கரண்ட் கொடுத்து ஓடும் ஹப் ஒன்று வாங்கி நடுவில் வைத்தால் மதர்போர்டைத் தொடாமலே தப்பிக்கலாம்.

கால் முழுவதுமே துண்டிக்கிறது, ஹேண்ட்செட் அப்படியே இருக்கிறது என்றால் நெட். கரண்ட் போகும்போதெல்லாம் துண்டித்தால், கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வைத்துவிட்டு ரூட்டரை மறந்திருப்பீர்கள்.

## எப்போது, யாரைக் கூப்பிடுவது

ரெக்கார்டர் சோதனையில் தேறி, ஒரு சாஃப்ட்வேரில் மட்டும் தகராறு என்றால் யாரையும் கூப்பிட வேண்டாம், செட்டிங்ஸை இன்னொரு முறை பாருங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே கோளாறு என்றால் சர்வீஸ் கடை. ஒரே போர்ட்டில் எந்தச் சாமானும் நிற்கவில்லை என்றால் அதுவும் கடை, ஆனால் ஹேண்ட்செட்டை விட்டுவிட்டு லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள். ஷாக் என்றால் எலக்ட்ரீஷியன். கருகின வாசனை வந்தால் உடனே உருவுங்கள், மறுபடி செருகிப் பார்க்காதீர்கள்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் ஒரு விஷயம். இந்த ஹேண்ட்செட் பார்க்கத்தான் டெலிபோன். வாட்ஸ்அப்பிலோ ஜூமிலோ அவசர எண் 112 அடிக்க முடியாது. கரண்டோ நெட்டோ போனால் அதுவும் போச்சு. பக்கத்தில் சாதாரண மொபைல் ஒன்று சார்ஜோடு இருக்கட்டும்.

கடைக்கு வரும்போது ரிசீவரை மட்டும் கொண்டு வராமல் அடிப்பாகம், சுருள் வயர், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். லேப்டாப் கொண்டுவந்தால் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு வாருங்கள். "மகனுக்குத்தான் தெரியும், அவன் துபாயில இருக்கான்" என்று சொல்லி, அவனைக் கூப்பிட அதே ஹேண்ட்செட்டை நீட்டியவர்கள் உண்டு.